நான் எழுதித் தராத புகார்

இளங்கோ,

ஞாயிற்றுக்கிழமை மாலை நீ தொலைபேசியில் கேட்ட புகார் மனுவை நான் எழுதித் தரப்போவதில்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தின் கடைசியில் அப்பா எப்படியும் இறங்கிவந்துவிடுவார் என்று எண்ணிக்கொண்டு நீ பக்கங்களைத் தள்ளிப் படிக்க வேண்டாம். அன்றே மறுத்திருக்கலாம். மறுக்காமல் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்ததற்குக் காரணம் தயக்கம் அல்ல. எனக்குக் கோபம் வந்திருந்தது. கோபத்தோடு வாய்மொழியாகச் சட்டக் கருத்துச் சொல்வதில்லை என்பது இத்தனை ஆண்டுத் தொழிலில் எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. இடையில் சில நாட்கள் கடந்துவிட்டன. கோபம் குறையவில்லை, ஆனால் அதை ஒழுங்காக எழுதும் அளவுக்குக் கை நிதானப்பட்டிருக்கிறது.

முதலில் நீ சொன்ன செய்திகளை, நீ சொன்னபடியே, எழுதிக்கொள்கிறேன். பிழை இருந்தால் திருத்து. சின்னசேலம் சாலையில் உள்ள ஜவ்வரிசி ஆலையில் நீ மனிதவள மேலாளர். உங்கள் ஆலையில் மரவள்ளிக் கிழங்கின் தோலைச் சீவும் கொட்டகையில் அலமேலு என்றொரு பெண் வேலை பார்க்கிறாள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஓர் ஊர், பழங்குடிப் பெண், பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவள். கணவன் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்குப் போயிருக்கிறான். ஆலைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, நான்கு வயது மகள் தர்ஷினியோடு இருக்கிறாள். மூட்டை கட்டும் பிரிவில் ஆள் எடுத்தபோது அலமேலு விண்ணப்பித்தாள். அது ஈரமில்லாத வேலை, இயந்திர வேலை, கூலியும் கூடுதல். அவளைவிடக் குறைவாகப் படித்த சமவெளிப் பெண்களை எடுத்தீர்கள், அவளை எடுக்கவில்லை. மலையிலிருந்து வந்த எவரையும் அந்தப் பிரிவில் இதுவரை எடுத்ததில்லை என்று நீயே ஒப்புக்கொண்டாய். அவள் தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்தாள். மனு நிலுவையில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினால் அது பழிவாங்கல் என்று ஆகிவிடும் என்பது உன் முதலாளிக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே அவள் தானாகப் போக வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். வழி, அந்தக் குழந்தை.

நீ பேசியது அப்படியே என் காதில் இருக்கிறது. "அப்பா, 1098, அந்தச் சைல்டு ஹெல்ப்லைனுக்கு ஒரு கம்ப்ளைண்ட் போடணும். நீங்க எழுதுனா கரெக்டா இருக்கும். பால்வாடி வுட்டதும் அந்தக் கொழந்த வந்து கொட்டாய்லயே கெடக்குது. பக்கத்துல கத்தி, அந்தாண்ட மாவுப்பால் தொட்டி. ஆபீசருங்க வந்து ஹோமுக்கு இட்டுக்கினு போயிட்டாங்கன்னா, அந்தப் பொம்பள பின்னாடியே அலைஞ்சிக்கினு வேலைக்கு வராம நின்னுடும். அப்புறம் தானா மலையேறிடும். நமக்கும் தொல்ல கம்மி." அந்த "நமக்கும்" என்ற சொல்லில் என்னையும் எப்போது சேர்த்துக்கொண்டாய் என்று தெரியவில்லை. நான் கேட்டேன்: "அப்பன்கிட்ட கேக்கறியா, வக்கீல்கிட்ட கேக்கறியா?" நீ சிரித்தாய். "வக்கீல்கிட்டத்தாம்ப்பா. ஓனரே சொல்லிட்டாரு, இனிமே நம்ம கம்பெனி கேஸெல்லாம் உங்களுக்குத்தான்னு." அந்த ஒரு பதிலின் விளைவு என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். உனக்கு அப்போது அது புரியவில்லை.

உன் அம்மா அடுப்படியிலிருந்து பாதி கேட்டிருக்கிறாள். நான் தொலைபேசியை வைத்ததும் வந்து நின்றாள்.

"இன்னாங்க சொல்றான் உங்க புள்ள? எவ கொழந்தய எவன் தூக்கிக்கினு போறது?"

"ஆபீஸ் விஷயம்."

"ஆபீஸுக்கு இன்னாத்துக்குக் கொழந்த?"

நீ நாளை யாரிடம் இதற்கு விளக்கம் சொல்ல நேர்ந்தாலும், இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயாரித்து வைத்துக்கொள். நான் தேடிப் பார்த்தேன். சட்டப் புத்தகத்தில் இல்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். நீ வக்கீலிடம்தானே கேட்டாய். கிழங்கும் கத்தியும் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை அம்மாவைப் போலவே சீவி விளையாடுவதை மேஸ்திரி படம் பிடித்து வைத்திருக்கிறார் என்றும், "குழந்தைத் தொழிலாளர்னே போடலாம்ப்பா" என்றும் சொன்னாய். சட்டத்தை ஒரு முறையாவது படித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தை உன் ஆலையில் வேலை செய்தாள் என்று நீ எழுதிக் கொடுத்தால், அந்தச் சட்டம் முதலில் பிடிப்பது வேலைக்கு அமர்த்தியவரை. பெற்றோரை முதல்முறை அது தண்டிப்பதில்லை. அதாவது, உன் முதலாளிக்கு எதிராக அவருடைய மேலாளரே படத்தோடு கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் அது. அவள்மீது எறிவதற்காக நீங்கள் எடுத்த கல், உங்கள் கையை விட்டே போகாது.

அதனால் அடுத்ததாக, "வேலை என்று வேண்டாம், கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று எழுதலாம்" என்பீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தில் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்று ஒரு வகை இருக்கிறது. மிகுந்த சிந்தனையோடு எழுதப்பட்ட பகுதி அது. அடித்துத் துன்புறுத்தப்பட்ட குழந்தைகளையும், விற்கப்பட இருந்த குழந்தைகளையும் அந்தப் பகுதியைக் காட்டித்தான் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்பவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதே சட்டத்தின் தொடக்கத்தில், குழந்தையை வளர்க்கும் முதற்பொறுப்பு குடும்பத்துக்கு, இல்லத்தில் சேர்ப்பது எல்லா வழியும் அடைபட்ட பிறகு எடுக்கும் கடைசி வழி என்ற கொள்கைகளும் இருக்கின்றன. அதை நீ படிக்கவில்லை. சரி, கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். யாருடைய கவனிப்பு? குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் ஆலையில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காற்றோட்டமான ஓர் அறையும், பார்த்துக்கொள்ளத் தகுதியான ஓர் ஆளும் வைக்க வேண்டும் என்பது பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. இன்றைய சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை வேறு வாசகத்தில் தொடர்கிறது. உங்கள் ஆலையில் அந்த அறை எங்கே? பாதிப் பெண்களை ஒப்பந்தக்காரர் பேரில் காட்டிவிட்டால் எண்ணிக்கை குறைந்துவிடும் என்று உங்களுக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். யார் மூலமாக வந்தாலும் உன் கொட்டகையில் உட்கார்ந்து உன் கிழங்கைச் சீவுகிறவள் உன் ஆலையின் தொழிலாளி என்பதே என் கருத்து. இதை எந்த மன்றத்திலும் நின்று சொல்வேன்.

என்னை எரிச்சலூட்டுவது சட்ட அறியாமை அல்ல. அந்த இடம் குழந்தைக்கு ஆபத்தானது என்று நீ சொன்னது முழுக்க உண்மை. கத்தி இருக்கிறது. தொட்டி திறந்து கிடக்கிறது. நீ தினமும் அந்த வழியாக நடக்கிறாய். உன் கண்ணால் பார்த்திருக்கிறாய். பார்த்த முதல் நாளே அந்தத் தொட்டியைச் சுற்றி ஒரு தடுப்பு வைக்கச் சொல்லியிருக்கலாம்; நீ மேலாளர். அதற்கு உனக்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருந்திருக்காது. நீ அதைச் செய்யவில்லை. ஒரு குழந்தை விழுந்துவிடக்கூடிய தொட்டியைப் பார்த்துவிட்டு, அதை மூடாமல், பிற்பாடு பயன்படும் என்று எடுத்து வைத்துக்கொண்டாய். இளங்கோ, எத்தனையோ கிரிமினல் வழக்குகளில் குறுக்கு விசாரணை செய்தவன் நான். அதில் எந்தச் சாட்சியிடமும் கேட்கத் தோன்றாத ஒரு கேள்வியை உன்னிடம் கேட்கிறேன்: நீங்கள் அந்தப் புகாரை அனுப்புவதற்குள் அந்தக் குழந்தை அதில் விழுந்திருந்தால்?

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவது என்றால் என்ன என்பது உனக்குத் தெரியாது. இல்லம், கட்டில், பால், பள்ளிக்கூடம். கொட்டகையைவிட மேல் என்று நினைக்கிறாய். நீ கல்லூரியில் இருந்த காலத்தில் நான் சட்டப்பணிகள் குழுவின் வழக்கறிஞனாக மலைக்குப் போய்வந்துகொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். அப்போது ஒரு குக்கிராமத்தில் மூன்று பிள்ளைகள், இரண்டு பையன்கள், ஒரு பெண், இல்லத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெற்றோர் மிளகு பறிக்க வெளியூர் போயிருந்தார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம்: பெற்றோர் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் எந்த வீட்டில் உலை கொதிக்கிறதோ அங்கே உண்பார்கள், எந்த வீட்டில் தூக்கம் வருகிறதோ அங்கே படுப்பார்கள். ஒரு வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று எவரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை. விசாரிக்க வந்த அலுவலர் நல்ல மனிதர்தான். "இந்தப் பசங்கள யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டிருக்கிறார். "நாங்கதான்" என்று சொல்லியிருக்கிறார்கள். "நாங்கன்னா யாரு? ஒரு பேரு சொல்லுங்கம்மா." "ஊரே தாங்க." அறிக்கையில் எழுதப்பட்டது: பொறுப்பாளர் எவருமில்லை.

பெண்ணை ஓர் ஊரில் பெண்கள் இல்லத்திலும், பையன்களை வேறோர் ஊரில் பையன்கள் இல்லத்திலும் சேர்த்தார்கள். விதிப்படி அதுதான் சரி. பெற்றோருக்காக நான் மனுப் போட்டு, அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். பொறுப்பாளர் அம்மா என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார்: "சாப்பாடு நல்லாத்தான் சார் போடறோம். ஆனா ஒவ்வொரு வேளயும் தட்டு முன்னாடி குந்திக்கினு, 'அண்ணனுங்க துன்னாங்களா'ன்னு கேக்குது. துன்னாங்கன்னு நான் சொன்னாத்தான் கை வெக்குது. எனக்கு இன்னா சார் தெரியும்? நான் பாட்டுக்கு துன்னாங்க, துன்னாங்கன்னு சொல்லிக்கினு கெடக்கறேன்." அவர் கண் கலங்கியிருந்தது. அந்த வழக்கில் கெட்டவர் என்று ஒருவர்கூட இல்லை. புகார் செய்தவர் அக்கறையோடு செய்தார்; அலுவலர் கேட்க வேண்டியதைக் கேட்டார்; இல்லத்தில் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும் மூன்று பேரையும் ஒரே வீட்டில் திரும்பச் சேர்ப்பதற்குள் மழைக்காலம் முடிந்து மலையில் பனி இறங்கிவிட்டது. சேர்த்துவிட்டுக் கிளம்பும்போது அந்த ஊரின் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் சொன்னேன்: "இனிமே யாராவது கேட்டா ஒரு வீட்டுப் பேரச் சொல்லுங்க." அவர் யோசித்துவிட்டு, "ஒருத்தி பேரச் சொன்னா மத்தவளுங்க கோவிச்சிக்குவாளுங்களே சார்" என்றார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் பேருந்தில் இறங்கி வரும் வழியெல்லாம், ஒரு நல்ல வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டு வருகிறோமே என்று மனம் ஒப்பவில்லை.

அங்கே நடந்தது அறியாமையால் நடந்தது. நல்லெண்ணமே அவ்வளவு கெடுதல் செய்யும் ஒரு கருவியை, கெடுதல் செய்வதற்கென்றே கையில் எடுக்க நீ என்னிடம் வந்து நிற்கிறாய். இங்கே ஒன்றையும் தெரிந்துகொள். அப்படிப் பொய்யாகப் போகும் ஒவ்வொரு புகாரும், நிஜமாகவே அடிபட்டுக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு குழந்தையிடம் போக வேண்டிய அலுவலரை உன் ஆலைக்கு வரவழைக்கிறது. அவர் உன் கொட்டகையில் நின்று பெயர் எழுதிக்கொண்டிருக்கும் நேரம் அந்த இன்னொரு குழந்தையிடமிருந்து எடுக்கப்பட்ட நேரம்.

உன் அம்மாவின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அவள் வேடிக்கையாகச் சொல்லும் பாதி. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். நீ வயிற்றில் இருந்தாய். ஆறாம் மாதம் மருத்துவர் அழைத்து, "வயித்தத் தள்ளிக்கினு நோயாளிங்க முன்னாடி நிக்கறது நல்லா இல்லம்மா, வூட்ல ரெஸ்ட் எடு, பாத்துக்கலாம்" என்றார். சம்பளத்தைப் பற்றியும் திரும்ப வருவதைப் பற்றியும் பேச்சில்லை. நான் அன்றிரவே சட்ட அறிவிப்பு எழுதத் தொடங்கினேன். மகப்பேற்றுப் பயன் சட்டம், பணிநீக்கத் தடை, எல்லாம் பிரிவு பிரிவாக. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க நோட்டீஸ் போய் பதில் வர்றதுக்குள்ள புள்ள பொறந்து பள்ளிக்கோடம் போயிடும்" என்றாள். மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் புறப்பட்டாள். உள்ளே விடவில்லை. நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்த ஒரு கிழவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு இன்னாம்மா சீக்கு, தெனம் வந்துகினு கீற?" என்று கேட்க, "சீக்கு எனக்கில்லீங்க, ஆஸ்பத்திரிக்கு. கூட இருந்து பாத்துக்கறேன்" என்றாளாம். பெஞ்சு முழுக்கச் சிரித்திருக்கிறது. அந்த வாரமே உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நீயும் தங்கையும் இந்தக் கதையைக் கேட்டு எத்தனையோ முறை சிரித்திருக்கிறீர்கள். சிரிக்காத பாதியைச் சொல்கிறேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருப்பாள். ஒரு நாள் மட்டும் சொன்னாள்: "வேலையில தப்பு பண்ணேன்னு சொன்னா திருத்திக்கலாம். நானே தப்புன்னா எதத் திருத்தறது?" பாகுபாடு என்பதற்குச் சட்டப் புத்தகங்களில் நான் படித்த எல்லா விளக்கங்களையும்விட அது எனக்குத் தெளிவாக இருந்தது. அவள் வேலை இழப்பதோடு போகும் என்ற நிலையில் போராடினாள். நீ அலமேலுவுக்கு வைத்திருப்பது அப்படியல்ல. உரிமை கேட்டால் பிள்ளையை இழப்பாய் என்று வைத்திருக்கிறாய். அன்று அந்த மருத்துவர் அப்படி ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தால், உன் அம்மா அந்த பெஞ்சிலிருந்து முதல் நாளே எழுந்து வந்திருப்பாள்.

புதன்கிழமைதோறும் நீதிமன்ற வளாகத்திலுள்ள இலவச சட்ட உதவி மையத்தில் நான் இருப்பேன் என்பது உனக்குத் தெரியும். இந்தப் புதன்கிழமை அலமேலு வந்தாள். அவளாக வந்தாள், யாரோ இந்த மையத்தைக் காட்டியிருக்கிறார்கள். நான் உன் அப்பா என்பது அவளுக்குத் தெரியாது. இடுப்பிலிருந்து இறங்கிய குழந்தை நேராக என் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் நின்றுகொண்டே பேசினாள். ஆலையின் பேரைச் சொல்வதற்கு முன்பே எனக்கு யார் என்று விளங்கிவிட்டது. நிறுத்தியிருக்க வேண்டும், ஆனால் அவள் வேகமாகப் பேசினாள்.

"பேக்கிங்குக்கு ஆள் எடுக்கறாங்க சார். எனக்கு மட்டும் இல்லன்றாங்க. மேஸ்திரி சொல்றாரு, மலைக்காரங்க கை பட்ட சரக்கு வெளியூருக்குப் போவாதாம். நான் சீவற கெழங்கத்தான சார் அரைக்கறாங்க? அப்ப மட்டும் என் கை எங்க போச்சி?"

நான் பேனாவை மூடினேன். "இந்த வழக்கை நான் எடுத்துக்க முடியாதும்மா. இங்கேயே இன்னொரு வக்கீல் அம்மா இருக்காங்க. நல்லா பாப்பாங்க. அவங்ககிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்றேன்."

"ஏன் சார்?"

"காரணம் சொல்ல முடியாது."

அவள் குரலை உயர்த்தாமலே கேட்டாள்: "ஓ. உங்களயும் பாத்துட்டாங்களா?"

விலைக்கு வாங்கிவிட்டார்களா என்று கேட்கிறாள். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் அதுவும் முழு உண்மை இல்லை. அவள் குனிந்து மேசைக்கடியில் கையை விட்டு, "வா கண்ணு, இவரு நம்ம ஆளு இல்ல" என்று குழந்தையை இழுத்தாள். குழந்தைக்கு அது தெரியுமா? உதவியாளர் அவர்களை அந்த வக்கீல் அம்மாவிடம் அழைத்துப்போக, கதவு வரைக்கும் எனக்குக் கை ஆட்டிக்கொண்டே போனது.

இப்போது நான் முன்பு தள்ளிவைத்ததைச் சொல்கிறேன். "வக்கீல்கிட்டத்தாம்ப்பா" என்று நீ சொன்ன கணத்தில் உன் ஆலை என் கட்சிக்காரர் ஆகிவிட்டது. கட்சிக்காரர் ஆலோசனைக்காகச் சொன்னதை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை. எதிர்த்தரப்புக்கு நான் வழக்காடவும் முடியாது. உன் பிள்ளையைப் பறிக்க ஏற்பாடு நடக்கிறது, எச்சரிக்கையாக இரு என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவும் முடியாது. அவள் நின்ற இடத்துக்கும் நான் உட்கார்ந்த இடத்துக்கும் இடையில் ஒரு மேசைதான் இருந்தது. இந்த ஊரில் அவளைப் போன்றவர்கள் காசில்லாமல் வந்து பேசக்கூடிய ஆட்கள் மிகக் குறைவு. உன் ஒரு தொலைபேசி அழைப்பு அதில் ஒருவரைக் குறைத்துவிட்டது. நீ தெரிந்து செய்தாய் என்று நான் சொல்லவில்லை. உன் முதலாளி தெரிந்தே செய்திருப்பார் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனால் நிரூபிக்க முடியாததை எழுதக் கூடாது என்பதால் சந்தேகம் என்ற அளவிலேயே நிறுத்திக்கொள்கிறேன்.

ஆகவே, கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உன் முதலாளிக்கு என் கருத்துரையைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதில் உள்ளது இதுதான். அந்தப் புகாரை அனுப்பக் கூடாது. பழங்குடியினர் ஒருவருக்குத் துன்பம் விளையும்படி ஓர் அரசு ஊழியரின் அதிகாரத்தைத் திருப்பிவிடப் பொய்த் தகவல் தருவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம். அந்த வழக்கில் கையெழுத்துப் போடுகிறவர் முதல் எதிரி, அதாவது முதல் குற்றஞ்சாட்டப்பட்டவர். முன்ஜாமீனுக்கு அந்தச் சட்டமே தடை போட்டிருக்கிறது. தொட்டியை உடனே மூட வேண்டும். குழந்தைகளுக்கு அறையும் ஆளும் ஏற்பாடு செய்ய வேண்டும். மூட்டை கட்டும் பிரிவுக்கு மீண்டும் ஆள் தேர்வு நடத்தி, அலமேலுவை மற்றவர்களோடு ஒரே அளவுகோலில் பார்க்க வேண்டும். இவற்றைச் சொல்லிவிட்டு, இனி அந்த ஆலையின் எந்த வழக்கையும் நான் நடத்தப்போவதில்லை என்றும் எழுதியிருக்கிறேன்.

கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பதைக் கவனித்தாயா? முதலாளி போடமாட்டார். மேஸ்திரி போடமாட்டார். மனிதவள மேலாளர் போடுவார். படித்தவன், ஊரில் நல்ல பெயர் உள்ள வக்கீலின் மகன்; புகாரை நம்புவார்கள். உன்னை எதற்காக அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்று நீயே யோசித்துப் பார். ஆனால் சிறைக்குப் பயந்து நீ நிறுத்தினால் எனக்கு அது போதாது. பயம் இன்னொரு நல்ல வக்கீலைப் பார்த்ததும் போய்விடும். அந்தக் குழந்தையின் பெயரை நீயாக ஒரு முறைகூடச் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியுமா? நான் கேட்ட பிறகுதான், பக்கத்தில் யாரிடமோ விசாரித்துவிட்டுச் சொன்னாய். நாளைக் காலை வேலைக்குப் போனதும் அவளை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. திரும்பிப் பார்ப்பாள். அதன் பிறகும் உன் கை அந்தத் தாளில் கையெழுத்துப் போடுமானால், நான் எழுதிய எதுவும் உனக்குப் பயன்படாது.

திங்கட்கிழமைக்குள் புகார் போக வேண்டும் என்று உன் முதலாளி சொல்லியிருப்பதாகச் சொன்னாய். அதனால் இதையும் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறேன். வக்கீலிடம் சொன்னது வெளியே போகாது என்ற பாதுகாப்புக்குச் சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: சட்டவிரோதமான நோக்கத்தை நிறைவேற்றிக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டதற்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. இதுவரை நீ கேட்டதை, சரியா தவறா என்று தெரியாமல் ஒருவன் கேட்ட ஆலோசனை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சலுகையை எந்தக் கட்சிக்காரருக்கும் தருவேன். தவறு என்று எழுத்தில் சொன்ன பிறகும் அதை அனுப்பினால், அது ஆலோசனை அல்ல. இந்த வாதத்தை ஏற்காதவர்கள் இருப்பார்கள். என்மீது ஒழுங்கு நடவடிக்கை வரலாம். வரட்டும், அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ அந்தப் புகாரை அனுப்பினால், தர்ஷினியைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அன்று அந்த அறையில் அவள் தாய் ஒரு பக்கம் நிற்பாள். அவளுக்காகப் பேச அந்த வக்கீல் அம்மா இருப்பார். சாட்சி சொல்ல நான் வந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நான் கேட்டதை, கேட்டபடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். புகார் கொடுத்தவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று குழுவின் தலைவர் கேட்பார். என் மகன் என்று சொல்வேன்.

அப்பா